ரூபெல்லா: கல்யாணத்துக்கு முன்பே ஊசியா, கர்ப்பத்தில் ரத்தப் பரிசோதனையா, டார்ச் பேனலா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளுக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவள் பொள்ளாச்சியில் வாக்கப்பட்டிருப்பாள். ஏழெட்டு மாதம் வரை பொள்ளாச்சியில் காட்டிவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போவாள். பிரசவம் பாலக்காட்டுச் சித்தூரிலோ பாலக்காட்டிலோ நடக்கும். இப்படி இரண்டு மூன்று இடத்தில் காட்டுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஒரு டாக்டர் "ரூபெல்லா ஐஜிஜி" (ரூபெல்லா என்ற வைரஸ் நோய்க்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று எழுதுவார், இன்னொருவர் "டார்ச்" (ரூபெல்லாவோடு வேறு சில கிருமிகளுக்கும் சேர்த்துப் பார்ப்பது) என்று எழுதுவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதையுமே எழுத மாட்டார்கள். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

அரசின் கர்ப்பகாலப் பரிசோதனைப் பட்டியலில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எல்லாம் உண்டு, ரூபெல்லா இல்லை. அதனால் எழுதுவதும் விடுவதும் அந்தந்த டாக்டர் கையில். வெளிநாட்டிலும் ஒரே பேச்சு இல்லை. அமெரிக்காவில் முதல் செக்கப்பிலேயே பார்க்கிறார்கள். இங்கிலாந்து பல வருடம் பார்த்துவிட்டு 2016 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அங்கே நோயே அரிதாகிவிட்டது; பரிசோதனையில் "எதிர்ப்பு இல்லை" என்று வந்தாலும் அந்தக் கர்ப்பத்தில் ஊசி போட முடியாது; தப்பான ரிசல்ட்டால் பயம்தான் மிச்சம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த இரண்டாவது காரணம் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். முதல் காரணம்தான் இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும். இது இந்தக் கர்ப்பத்துக்கு உதவுமா, அடுத்ததற்கு மட்டும்தானா? ரிசல்ட் எப்படி வந்தாலும் அதன்பேரில் செய்ய ஒரு வேலை இருக்கிறதா? ரிசல்ட் தப்பாக வந்தால் என்ன போகும்? கடைசியாக, பணமும் அலைச்சலும். இதில் ஊசி மருந்தைத் தேடி அலைவதும், ஒரு மாநிலத்துக் காகிதம் இன்னொரு மாநிலத்து ஆஸ்பத்திரியில் யார் கண்ணிலும் படாமல் போவதும் சேரும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றால், ரூபெல்லா பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாத நோய். லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். பாதிப் பேருக்குத் தடிப்பே வராது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கருவைப் பாதிக்கும்: கண்புரை, காது கேளாமை, இதயக் குறைபாடு, சிறுத்த தலை. 16 வாரம் தாண்டினால் ஆபத்து வேகமாகக் குறையும். 20 வாரத்துக்குப் பின் மிக அரிது. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களைக் கேட்டுத்தான் இந்தத் தொடர்பையே கண்டுபிடித்தார்.

## 2002 என்ற கோடு

எந்த வழி என்று முடிவெடுக்குமுன் பிறந்த தேதியைப் பாருங்கள். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது 2017-இல். 9 மாதம் முடிந்து 15 வயது நிரம்பாத எல்லாருக்கும் ஒரு சுற்றுப் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது தொடங்கியது பிப்ரவரி 2017, கேரளத்தில் அக்டோபர்.

இந்த எட்டு மாத வித்தியாசம் எல்லையோரத்தில் ஒரு வேடிக்கை பண்ணியிருக்கிறது. 2002 ஜூனில் பிறந்த இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பள்ளியில் படித்தவளுக்கு அந்தச் சுற்றின்போது வயது 14 சொச்சம், ஊசி உண்டு. கொழிஞ்சாம்பாறையில் படித்தவளுக்கு முறை வரும்போது 15 தாண்டிவிட்டது, ஊசி இல்லை. 2002-க்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் இல்லை. தனியாரில் குழந்தை டாக்டரிடம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டிருந்தால்தான் உண்டு. 2003-க்குப் பின் பிறந்தவர்களுக்கு அநேகமாகப் போட்டிருக்கும். ஆனால் 2017-இல் வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டு அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகள் இரண்டு மாநிலத்திலும் உண்டு. அட்டை இருந்தால் நம்பலாம், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ஞாபகத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, "சின்னதுல இவளுக்கு அம்மை போட்டிருக்குதுங்க டாக்டர்" என்று மாமியாரோ அம்மாவோ சொல்வது. நம் பேச்சில் சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, வேர்க்குரு மாதிரி வந்த தடிப்பு எல்லாமே அம்மைதான். பாலக்காட்டுப் பக்கம் சொல்லும் அஞ்சாம்பனி தட்டம்மை, ரூபெல்லா இல்லை. ரத்தத்தில் பார்க்காமல் "வந்து போச்சு" என்பது கணக்கில் சேராது. இரண்டாவது, இடது தோளில் இருக்கும் தழும்பைக் காட்டுவது. அது பிறந்தவுடன் போட்ட பிசிஜி, காசநோய்க்கான ஊசி. ரூபெல்லா ஊசி தழும்பு விடாது.

## வழி 1: கர்ப்பத்துக்கு முன் ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் ஊசி

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் தருவது இதுதான். எதிர்ப்பு இருக்கிறது என்று வந்தால் அத்தோடு நிம்மதி. இல்லையென்றால் எம்எம்ஆர் ஒரு டோஸ், 0.5 மி.லி., மேற்கையில் தோலுக்கடியில். சுமார் 95 சதவீதம் பேருக்கு ஒரே டோஸில் எதிர்ப்பு வந்துவிடும். அதன்பின் 28 நாள் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 3 முதல் 5 மி.லி. ரத்தம்; ஐஜிஜி மட்டும் என்றால் தனியார் லேபில் சில நூறு ரூபாய். பெரும்பாலான லேபுகள் ஒரு மி.லி.க்கு 10 சர்வதேச யூனிட்டுக்கு மேல் இருந்தால் "எதிர்ப்பு உண்டு" என்று எடுக்கின்றன. எல்லையில் நிற்கும் மதிப்பு வந்தால், குழம்பாமல் "இல்லை" என்றே எடுத்து ஊசி போடுவது நல்லது.

ரிசல்ட்டைக் கெடுப்பவை இரண்டு. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ஆன்டி-டி ஊசி (நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்குப் போடுவது) போட்டிருந்தாலோ, அடுத்தவர் உடம்பின் எதிர்ப்பு இவர் ரத்தத்தில் இரவலாகத் தெரியும். முடி கொட்டுவதற்கு அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில கருவிகள் தப்பான எண் காட்டும். இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்கலாம், லேபில் சொல்லியும் விடுங்கள்.

மறைமுகச் செலவு நாள்தான். பரிசோதனை, ரிசல்ட், திரும்ப டாக்டர், ஊசி, பிறகு ஒரு மாதம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே இரண்டு மாதமாவது இருந்தால் சௌகரியம். கல்யாணம் முடிந்த கையோடு "என்ன விசேஷம்" என்று கேட்க ஆரம்பித்துவிடும் வீடுகளில் அந்த 28 நாளைக் காப்பாற்றுவதே பெரிய பாடு.

## வழி 2: பார்க்காமலே ஊசி

அட்டை இல்லை, கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது என்றால் பரிசோதனையைத் தாண்டிப் போவதில் தப்பில்லை. ஏற்கெனவே எதிர்ப்பு இருப்பவருக்கு எம்எம்ஆர் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் எதிர்ப்பு அந்தப் பலவீனமான வைரஸைத் தீர்த்துவிடும். இரண்டு முறை லேபுக்கு அலைவதும் மிச்சம்.

இதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது மூட்டுவலி. எதிர்ப்பு இல்லாத வயதுவந்த பெண்களில் நாலில் ஒருவருக்கு, ஊசி போட்ட ஒன்று முதல் மூன்று வாரத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலிக்கும். சில நாளில் போய்விடும். அதை முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் வரவைத்துக்கொள்ள வேண்டாம் என்பதாலும் முன்கூட்டியே போடுவது நல்லது.

இன்னொரு அலைச்சல்: மகப்பேறு கிளினிக்கில் எம்எம்ஆர் பெரும்பாலும் இருக்காது. குழந்தை டாக்டரிடம்தான் இருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். மெடிக்கலில் வாங்கிக் கையில் கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பேக்கோடு, 2 முதல் 8 டிகிரிக்குள். மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் அரை மணி நேரம் கைப்பையில் இருந்த குப்பி ஊசியாக உடம்பில் ஏறும், எதிர்ப்பாக மாறுமா என்பது சந்தேகம். அரசு மருத்துவமனையில் இலவசமாக இருக்கும் ஊசி குழந்தைகள் திட்டத்துக்கானது. பெரியவர்களுக்குப் பொதுவாகப் போடுவதில்லை.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால், இந்த ஊசி கூடாது.

## வழி 3: கர்ப்பத்தில் முதல் செக்கப்பில் ஐஜிஜி மட்டும்

கர்ப்பமாகிவிட்டது, அட்டையும் இல்லை, முன்பு பார்த்ததும் இல்லை. அப்போது இது ஒன்றுதான் நியாயமான பரிசோதனை. ஆனால் எதற்குப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். எதிர்ப்பு இல்லை என்று வந்தால் இந்தக் கர்ப்பத்தில் ஊசி கிடையாது. செய்யக்கூடியது மூன்று: 20 வாரம் வரை காய்ச்சலும் தடிப்புமாக இருக்கும் பிள்ளைகளிடமிருந்து விலகி இருப்பது, வீட்டில் ஊசி போடாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போட்டு முடிப்பது (அதனால் கர்ப்பிணிக்கு ஆபத்தில்லை), பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் தாய்க்கு எம்எம்ஆர். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை. ஆன்டி-டி போட்டவர்களுக்கும் போடலாம். மூன்று மாதம் கழித்து ஐஜிஜி பார்த்து, வராவிட்டால் திரும்பப் போட வேண்டும்.

இதன் பெரிய லாபம் வேறு. 8 வாரத்தில் எடுத்த ஐஜிஜி ரிப்போர்ட் கையில் இருந்தால், 11 வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தடிப்பு வரும்போது அது சொத்து. அன்றே எதிர்ப்பு இருந்தது என்றால் மேற்கொண்டு ஒன்றும் பார்க்க வேண்டாம். அங்கன்வாடி, எல்கேஜி ஆசிரியைகள், குழந்தைகள் வார்டு செவிலியர்கள், மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகும் தாய்மார்கள் கட்டாயம் இதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும்போதே சேர்த்து எடுத்தால் தனி ஊசிக்குத்து இல்லை.

நடக்கும் தப்பு ரிப்போர்ட்டைப் படிப்பதில். "ரூபெல்லா ஐஜிஜி - பாசிட்டிவ்" என்று வரும். லேப் கணினி 120 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் அடித்து, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கும். வீட்டில் அழுகை. உண்மையில் ஐஜிஜி பாசிட்டிவ் நல்ல செய்தி: பழைய எதிர்ப்பு இருக்கிறது. எண் கூடுதலாக இருப்பதை வைத்துப் புதிதாக வந்தது என்று சொல்ல முடியாது. பொள்ளாச்சி லேபில் 80, பாலக்காட்டு லேபில் 140 என்று வந்தால் ஏறிவிட்டது என்றும் அர்த்தமில்லை. வேறு கருவி, வேறு கிட். ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு ரத்தத்தையும் ஒரே லேபில், ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும்.

## வழி 4: டார்ச் பேனல்

டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்று நாலைந்து கிருமிகளுக்கு ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டையும் சேர்த்து எட்டோ பத்தோ எண்கள் தருவது. ஐஜிஜி ஒன்றைவிடப் பல மடங்கு விலை. "எல்லாத்தையும் ஒரேடியாப் பாத்துரலாம்" என்று தோன்றுவது இயல்பு. நோய் அறிகுறியோ, தடிப்பு வந்தவரோடு தொடர்போ, ஸ்கேனில் சந்தேகமோ இல்லாத கர்ப்பிணிக்கு இது வேண்டாம் என்பதுதான் இங்கே பரிந்துரை.

காரணம் ஐஜிஎம். அது புதிதாக வந்த தொற்றைக் காட்டுவது. தடிப்பு வந்து சில நாளில் தோன்றி, வழக்கமாக இரண்டு மூன்று மாதத்துக்குள் மறையும். ஆனால் பார்வோ வைரஸ், வேறு சில வைரஸ் காய்ச்சல், முடக்குவாதக் காரணி ஆகியவை இருந்தாலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். சிலருக்கு மாதக்கணக்கில் சும்மாவே நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100-ல் 98 முறை சரியாக நெகட்டிவ் சொல்லும் நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான 1,000 கர்ப்பிணிகளுக்குப் பார்த்தால் 20 பேருக்குப் பொய் பாசிட்டிவ். அந்த ஆயிரத்தில் உண்மையாகவே அப்போது ரூபெல்லா இருப்பவர் ஒருவர் இருந்தாலே அதிகம். பாசிட்டிவ் வந்த ஒவ்வொருவரும் அந்த ஒருவராகத்தான் தன்னை நினைப்பார்.

அடுத்து நடப்பதுதான் உண்மையான செலவு. திரும்ப ஐஜிஎம், ஐஜிஜி அவிடிட்டி (தொற்று பழையதா புதியதா என்று காட்டுவது), கோயம்புத்தூரில் பெரிய ஸ்கேன், நாலு டாக்டர் கருத்து, அதற்குள் வாரங்கள் ஓடும். ஸ்கேன் சரியாக இருந்தாலும் நிம்மதி வராது. காது கேளாமை ஸ்கேனில் தெரியாது. பனிக்குட நீரில் பிசிஆர் பார்க்க 18 வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இந்தப் பதற்றத்தில், ஒற்றை ஐஜிஎம் தாளை வைத்துக்கொண்டு ஆரோக்கியமான கருவைக் கலைப்பதுதான் பெரிய நஷ்டம். ஐஜிஎம் பாசிட்டிவ் தாள் கையில் வந்துவிட்டால் முதலில் கேட்க வேண்டியது: தடிப்பு இருந்ததா, தொடர்பு இருந்ததா? இரண்டும் இல்லையென்றால் அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவிடிட்டி உயர்வாக வந்தால் தொற்று மூன்று மாதத்துக்கு முந்தையது. கர்ப்பம் 10 வாரம் என்றால் அது கர்ப்பத்துக்கு முன்பே முடிந்த கதை.

இரண்டு மூன்று முறை கரு கலைந்ததற்குக் காரணம் தேட டார்ச் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. தொடர் கருச்சிதைவுக்கு ரூபெல்லா காரணமாவதில்லை. அந்தப் பணத்தைத் தைராய்டு, சர்க்கரை, ஆன்டிபாஸ்போலிபிட் பரிசோதனைகளில் போடலாம்.

## வழி 5: ஒன்றும் பார்க்காமல், தொடர்பு ஏற்பட்டால் மட்டும்

இரண்டு டோஸ் போட்ட அட்டை கையில் இருப்பவருக்கு இது போதும். அட்டை இருக்க, ஐஜிஜி குறைவாக வந்தாலும் அட்டைக்குத்தான் மதிப்பு.

அட்டை இல்லாதவர் இந்த வழியில் போனால், தடிப்பு உள்ளவரோடு ஒரே அறையில் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் தெரிய 14 முதல் 21 நாள் ஆகும். தொடர்புக்குப் பின் பத்து நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி இருந்தால் அது பழைய எதிர்ப்பு. இல்லையென்றால் 3 வாரத்திலும் 6 வாரத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் ரத்தத்தை லேபில் உறைய வைத்திருக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியைவிட முதலில் பார்க்க வேண்டியது தடிப்பு வந்த பிள்ளையை: காய்ச்சலும் தடிப்பும் என்று சுகாதார நிலையத்தில் தெரிவித்தால் கண்காணிப்புத் திட்டத்தில் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். அது ரூபெல்லா இல்லை என்று வந்தால் இந்தப் பக்கம் கவலையே இல்லை. இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுக் கருவைக் காத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | இந்தக் கர்ப்பத்துக்கு | தப்பாக வந்தால் | யாருக்கு |
|---|---|---|---|
| 1. முன்பே ஐஜிஜி, பிறகு ஊசி | காக்கும் | ஒரு ஊசி வீண் | இரண்டு மாதம் கையில் இருப்பவர் |
| 2. பார்க்காமலே ஊசி | காக்கும் | சில நாள் மூட்டுவலி | அட்டை இல்லாத, நேரமில்லாத மணப்பெண் |
| 3. கர்ப்பத்தில் ஐஜிஜி | எச்சரிக்கை மட்டும் | வீண் கவலை | 2003-க்கு முன் பிறந்தவர், பிள்ளைகளோடு வேலை செய்பவர் |
| 4. டார்ச் | அநேகமாக உதவாது | கருவே போகலாம் | தடிப்பு, தொடர்பு, ஸ்கேன் சந்தேகம் உள்ளவர் மட்டும் |
| 5. தொடர்பு வந்தால் மட்டும் | தேதியைப் பிடித்தால் உதவும் | காலம் கடக்கும் | இரண்டு டோஸ் அட்டை உள்ளவர் |

தெரியாமல் எம்எம்ஆர் போட்டு, பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால்? அதற்காகக் கலைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை இப்படிப்பட்ட பெண்களைப் பதிவேட்டில் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் பிறவி ரூபெல்லா வந்த குழந்தை ஒன்றுகூட இல்லை.

## பிரசவ ஊசி தொலையும் இடம்

வழி 3-ஐ எடுத்தவர்களுக்கு எல்லையோரத்தில் ஒரு தனி ஓட்டை. ஐஜிஜி நெகட்டிவ் என்ற தாள் பொள்ளாச்சி ஃபைலில்; பிரசவம் பாலக்காட்டில். பிக்மி எண் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) இங்கே வாங்கியது. அங்கே வேறு அட்டை, வேறு மொழி. லேப் தாள் ஸ்கேன் கவருக்குள் போய்விடும், பிரசவ அறையில் யாரும் அதைத் திறப்பதில்லை. ஊசி போடாமல் வீடு வந்து, ஒன்றரை வருடத்தில் அடுத்த கர்ப்பம். அப்போதும் எதிர்ப்பு இல்லை.

அடைக்கும் வழி சின்னது. தாய்-சேய் அட்டையில், ரத்த வகை எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர் கையால் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "ரூபெல்லா ஐஜிஜி நெகட்டிவ் - பிரசவத்துக்குப் பின் எம்எம்ஆர்". அதையே ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள்; அந்தப் பக்கத்து செவிலியர் தமிழ் பேசுவார், படிப்பார் என்று சொல்ல முடியாது. அட்டையைப் படம் பிடித்துக் கணவர் போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று குழந்தைக்குப் பிசிஜி, போலியோ போட்டாயிற்றா என்று கேட்கும் அதே மூச்சில் தாய்க்கான ஊசியையும் கேட்க வேண்டியது அம்மாவின் பொறுப்பு. அங்கே மருந்து இல்லை என்றால் குழந்தையின் ஆறாவது வார ஊசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடமே தாயும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த கர்ப்பத்துக்கு அந்த 28 நாள் மட்டும் தள்ளி இருந்தால் சரி.